பெண் பார்க்க வந்தவர்களும் என் மகளின் காதும்

முதலில் மன்னித்துவிடுங்கள்.

பேச்சைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் இவ்வளவு பேசுகிறவள் நான்தான் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் நம்புவதில்லை. 'அந்தம்மா பேசி நான் கேட்டதே இல்லையே' என்று தபால்காரரே என் கணவரிடம் சந்தேகப்பட்டிருக்கிறார்.

சரி, காதைப் பற்றி எழுதலாம் என்றால், அதற்குத் தனியாக டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மன்னிக்க வேண்டும். போன சனிக்கிழமை திருவண்ணாமலை அடிவாரத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருவண்ணாமலை என்றதும் கிரிவலத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். இது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்று. மேலே பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு கூட்டம்.

அங்கே போவதற்கு முன்னால் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு என் மகள் கோதையைப் பெண் பார்க்க வந்தார்கள். கோதை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறாள். வரிசையாக ஓடும் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்ட வேண்டும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. பெண்கள் ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்தே பேசிக்கொள்வார்கள். சினிமாக் கதை முழுவதையும் அப்படியே சொல்லி முடித்துவிடுவார்களாம்!

மாப்பிள்ளை பெயர் சிவதாணு. ஆலங்குளத்தில் ஒரு ஆலையில் பிட்டர் வேலை. மூன்று வருஷமாக இந்தப் பக்கம்தான் வாசம். ஆனால் சொந்த ஊர் நாகர்கோவில். அவருடைய அம்மா, உறவுகள் எல்லோரும் அங்கிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் நாத்தனார் கொண்டுவந்த வரன் இது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் ஏதாவது கேட்டால், பெண் வீட்டார் 'என்ன சொன்னீங்க?' என்று திருப்பிக் கேட்கக் கூடாது. மரியாதைக் குறைவு. புரிந்தால் பதில் சொல்லலாம். புரியாவிட்டால் சிரிக்கலாம். கோதைக்கும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தோம்.

எங்கள் வீட்டு ஹாலை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் மிச்சம் ஆள் நிற்க மட்டும்தான் இடம். அதற்குள் அன்று எங்கள் தெருவே இருந்தது. பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்காவும் அவர் தங்கையும் சேலையின் ஜரிகையைப் பற்றித் தெலுங்கில் ஒரு விவாதம். வாசலில் என் கணவரின் சைக்கிள் கடைச் சிநேகிதர்கள் மழை வருமா வராதா என்று ஒரு விவாதம். எதிர் வீட்டு டி.வி. வேறு. இத்தனைக்கும் மேலே, கிறீச் கிறீச்சென்று எங்கள் மின்விசிறி.

மாப்பிள்ளையின் அம்மா தங்கம்மை அம்மாள் நல்ல ஆகிருதி. வாய் நிறைய வெற்றிலை. கோதை காபித் தட்டை நீட்டியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

ஓட்டின் மேல் மழை விழுந்த மாதிரி இருந்தது. சத்தம் வருகிறது... எங்கே வார்த்தை ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது? நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கோதை பழக்கதோஷத்தில் அவர் உதட்டைப் பார்த்தாள். உதட்டை வெற்றிலை மூடியிருந்தது. சிரித்தாள்.

அந்த அம்மாள் மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தாள். மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். அதற்கும் என் மகள் அழகாகச் சிரித்தாள்.

அந்த அம்மாள் என் கணவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். என் கணவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, "ஆமா ஆமா, அதுக்கென்ன" என்றார்.

"சொல்லி அனுப்புதோம்" என்று கிளம்பிப் போனார்கள்.

நாலைந்து நாள் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ் ஏறி என் நாத்தனாரே வந்துவிட்டார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏட்டி சந்திரா, ஒன் மகளுக்குக் காது எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு மதினி. கம்மல் போட்ருக்கா."

"கம்மல யாருட்டி கேட்டா? கேக்குமான்னு கேக்கேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"மாப்பிள்ளையோட அம்மா மூணு மட்டம் கேட்டாகளாம். பிள்ள சிரிச்சிக்கிட்டே நின்னுச்சாம். மில்லுல நின்னு நின்னு காது மந்தமாயிருச்சு போலன்னு பேசிக்கிடுதாக."

"அய்யோ மதினி, அது வந்து..."

"செத்த பொறு. இன்னும் முடியல. 'பிள்ளைக்குக் காது கேக்காதோ'ன்னு என் தம்பிகிட்டயே கேட்டாகளாம். இவன் 'ஆமா ஆமா, அதுக்கென்ன'ன்னு சொன்னானாம்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சம்மந்தி ஆகப் போறவுக... மரியாதைக்கு ஆமான்னு சொன்னேன்" என்றார்.

"பிள்ள செவிடுன்னு மரியாதைக்கு ஒத்துக்கிட்ட ஒரே தகப்பன் நீதாம்ல" என்றார் நாத்தனார்.

சிரிக்கலாம்தான். ஆனால் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். இப்படி ஒரு பேச்சு வெளியே போய்விட்டால், அடுத்து வருகிற மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகத்துக்கு முன்னால் அதுதான் போய்ச் சேரும். இரண்டே நாளில் காய்கறி விற்கிறவர் கோதையைப் பார்த்ததும் தொண்டை கிழிய "கத்திரிக்காஆஆ" என்று கத்த ஆரம்பித்தார். தெருவில் போகிற பெண்கள் அவளிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள்.

என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காது டாக்டரிடம் கூட்டிப்போய், காது நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கி, நாகர்கோவிலுக்கு அனுப்பிவிடலாம்.

கோதை துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"காது கேக்குதுன்னு சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டுப் போயித்தான் என்னைய கட்டிக் குடுப்பீகளாப்பா? மாடு விக்கவா போறீக, பல்லப் பாத்து எழுதி வாங்க?"

"அதுக்கில்லம்மா..."

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு அந்த வீடு. அந்த அத்தையையும் பிடிச்சிருந்துச்சு. கையப் பிடிச்சாகல்ல, விடவே இல்ல. ஆனா சர்ட்டிபிகேட்டு குடுத்துப் போக மாட்டேன்."

அவ்வளவுதான். மறுபடி துணியை உதறினாள். உதறிய உதறலில் என் முகத்திலும் தண்ணீர் தெறித்தது.

அவளுக்குப் பிடித்திருந்ததா! அதை அதுவரை அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. யாருக்குக் காது மந்தம், நீங்களே சொல்லுங்கள்.

என்றாலும் பெற்ற மனம் சும்மா இருக்குமா? மறுநாள் அடுக்களையில் மிக்சியை ஓடவிட்டு, எதிர் வீட்டு டி.வி. பாட்டும் கேட்கிற நேரமாகப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன்: "கோத, மல்லியப்பூ வாங்கி வச்சிருக்கேன்."

கொல்லையில் இருந்து பதில் வந்தது. "பொய்யி சொல்லாதம்மா. பூக்காரி இன்னைக்கி வரவே இல்ல."

என் மகளின் காது அப்படிப்பட்ட காது.

அப்படியானால் அன்றைக்கு ஏன் கேட்கவில்லை? எனக்கும் ஏன் கேட்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்கா. அவர்கள் வீட்டில் தெலுங்கு. பிறந்து வளர்ந்தது எல்லாம் ராஜபாளையம்தான். எங்களைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவார்.

"இதுல என்ன அதிசயம் சந்திரா? நம்ம ரெண்டு பேரும் தனியா பேசுனா ஒரு வார்த்த விடாம எனக்கு வரும். ஒங்க வீட்டு விசேசத்துல இருவது பேரு சேந்து பேசுதப்போ பாதிதான் வரும். மிச்சத்த மொகத்தப் பாத்து எடுத்துக்குவேன்."

"இத்தன வருசமாவாக்கா?"

"இத்தன வருசமாத்தான். எங்க வீட்டுக் கூட்டத்துல அப்பிடி இல்ல. அடுப்படியில நின்னாலும், வாசல்ல எவ என்னைய பத்திப் பேசுதான்னு தெலுங்குல தெளிவா வந்து விழுந்துரும்."

யோசித்துப் பார்த்தேன். சென்னையில் என் தங்கை வீட்டுக்குப் போனால் எனக்கும் அப்படித்தான். அவள் வீட்டு வேலைக்கு வருகிற பெண் தனியாக என்னிடம் பேசினால் எல்லாம் புரியும். அதே பெண் மார்க்கெட் இரைச்சலில் பேசினால்... தலையை மட்டும் ஆட்டுவேன். ஆனால் மதுரை பஸ் ஸ்டாண்டில், ஆயிரம் சத்தத்துக்கு நடுவில், எங்கோ ஒரு மூலையில் ஒருத்தர் "எலே, ராசபாளையம் வண்டி வந்துட்டுல" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

சொந்த ஊர்ப் பேச்சு கூட்டத்தில் நம்மைத் தேடி வரும். அடுத்த ஊர்ப் பேச்சை நாம்தான் தேடிப் போக வேண்டும். அதற்குக் கொஞ்சம் அமைதி வேண்டும். பேசுகிறவர் முகமும் தெரிய வேண்டும். இரண்டும் இல்லாத நாளில்தான் எங்கள் வீட்டில் பெண் பார்த்தார்கள்.

இதை நாகர்கோவிலுக்கு யார் போய்ச் சொல்வது?

"நீதான் சொல்லணும்" என்றார் நாத்தனார். "புரட்டாசி கடைசிச் சனிக்கு அவிய திருவண்ணாமலைக்கு வாராக. நேத்திக்கடன். பிள்ளயக் கூட்டிட்டு வா. சாமி கும்புட வந்த மாதிரி நேர்ல பாத்து ரெண்டு வார்த்த பேசு."

"நானா மதினி?"

"பொறவு நானா பெத்தேன்?"

போன சனிக்கிழமை கிளம்பினோம். கோதையிடம் சாமி கும்பிட என்று மட்டும் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். 'என் மகளுக்குக் காது நல்லாக் கேக்கும். அன்னைக்கி ஒங்க பேச்சு எங்களுக்குப் பிடிபடல.' ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்திருப்பேன். அங்கே நாத்தனாரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்.

அடிவாரத்தில் காது அடைத்தது. தேவதானம், சேத்தூர் பக்கத்துச் சனமெல்லாம் வேன் வேனாக வந்து இறங்கியிருந்தது. "கோவிந்தா" ஒரு பக்கம். மொட்டை போட்ட குழந்தைகளின் அழுகை ஒரு பக்கம். பொங்கல் வைக்கிறவர்கள், பூ விற்கிறவர்கள், தொலைந்த ஆளைத் தேடுகிறவர்கள். ஒலிபெருக்கியோ யாருக்கும் புரியாமல் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

நாத்தனார் என் முழங்கையை இடித்தார். பூக்கடை முன்னால் தங்கம்மை அம்மாள். சற்றுத் தள்ளி மாப்பிள்ளை செருப்புகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

கோதையும் பார்த்துவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'சாமி கும்பிடவா வந்தோம்?' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஆனாலும் நின்றாள்.

நாங்கள் நெருங்கிய நேரம், பூக்காரப் பெண் கையில் நாரை வைத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தொளசி மட்டும் போதுமா ஆச்சி, மல்லியும் சேத்துக் கட்டட்டா? சாமிக்கு எம்புட்டு, தலைக்கு எம்புட்டு? செத்த வெரசாச் சொல்லுங்க, பின்னால ஆளு நிக்கி."

அந்த அம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

பூக்காரி மறுபடி கேட்டாள். மறுபடி சிரிப்பு. இந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டு ஹாலில் பார்த்திருக்கிறேனே!

பூக்காரி பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பினாள். "பாவம், ஆச்சிக்குக் காது கேக்காது போலட்டி."

அது மட்டும் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவர் காதையே பார்த்தார்கள். செருப்புப் பையோடு வந்த மகனும் அப்படியே நின்றுவிட்டார்.

என் நாத்தனார் வாய்க்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தார். நான் என் மனப்பாடத்தைத் தேடினேன். முதல் வாக்கியமே வரவில்லை.

அப்போது கோதை எங்களைத் தாண்டி முன்னால் போனாள்.

"யக்கா, அவியளுக்குக் காது நல்லாக் கேக்கும். வெளியூரு. இந்தச் சத்தத்துல நம்ம பேச்சு பிடிபடாது. செத்த பைய, மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

பூக்காரிக்கே சங்கடமாகிவிட்டது. "தப்பா நெனைக்காதீக ஆச்சி" என்றாள். கோதை அந்த அம்மாளுக்கு நேராக வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, "சாமிக்கு... எத்தன மொழம்... வேணும்?" என்று கேட்டாள். மில்லில் பேசுகிற மாதிரி, உதட்டை நன்றாகத் திறந்து.

"அஞ்சு மொழம் மக்களே" என்றார் அவர். அன்றைக்கு வாயில் வெற்றிலை இல்லை. விரதம்.

எல்லோரும் கூட்டத்தை விட்டு விலகி ஒரு புளியமரத்தடிக்குப் போனோம். இரைச்சல் கொஞ்சம் பின்னால் போனது. அந்த அம்மாள் பூவை மடியில் வைத்துக்கொண்டு கோதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்க காதுக்கு ஒரு கேடும் இல்ல பிள்ளே. அந்தச் சலம்பலுக்குள்ள அவ பேசுகது ஒண்ணும் விளங்கல்ல" என்றார்.

"எனக்கும் அன்னைக்கி அப்பிடித்தான் அத்த" என்றாள் கோதை.

மாப்பிள்ளை தன் அம்மா பக்கம் திரும்பினார்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லாம்மா? ஆலங்குளத்துக்கு வந்த புதுசுல எனக்கும் இப்படித்தான் இருந்து. தனியா பேசினா விளங்கும். கேன்டீன்ல நாலு பேரு சேந்து பேசினா சிரிச்சிட்டு இருப்பேன். ஆறு மாசம் என்னைய செவிடுன்னுல்லா நெனச்சானுவ."

"நீ சொன்ன. பிள்ளைய பிடிச்சுப் போச்சு, அதான் சொல்லுகான்னு நான் நெனச்சேன்" என்றார் அம்மா.

மாப்பிள்ளை செருப்புப் பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கோதை புளியமரத்தின் உச்சியைப் பார்த்தாள்.

"செரி, விளங்கல்லன்னா மறுபடி கேக்கப்பிடாதா மக்களே? எதுக்கு வாயத் தொறந்து மிண்டாம நின்ன?"

"எங்க பக்கம் பொண்ணு பாக்க வந்தவுககிட்ட திருப்பிக் கேக்கக் கூடாது அத்த. மரியாத இல்லம்பாக."

"நல்ல மரியாத" என்றார் அந்த அம்மாள். "இப்ப கேளு."

"அன்னைக்கி நீங்க என்ன கேட்டீக?"

"மீன்கறி வைக்க அறியுமான்னு கேட்டேன்."

இவ்வளவுதானா? இதற்கா எங்கள் தெருக் காய்கறிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்?

கோதை கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"தெரியாது அத்த. எங்க வீட்டுல கருவாடுதான். சொல்லிக் குடுத்தா வைப்பேன். ஆனா நீங்க செத்த பைய சொல்லணும். வெத்தல போட்டுக்கிட்டுச் சொல்லக் கூடாது."

என் நாத்தனார் மூச்சை இழுத்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு நிபந்தனை போடுவதா! அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மடியில் இருந்த பூ கீழே விழுந்தது. எடுத்து, அதில் ஒரு முழத்தைக் கிள்ளிக் கோதையின் தலையில் அவரே வைத்தார். சாமிக்கு நாலு முழம்தான் போயிற்று. பெருமாள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

நான் மனப்பாடம் செய்துகொண்டு போன இரண்டு வாக்கியங்களும் அப்படியே மிச்சம். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கோதை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் 'இது என் மகள்' என்று சொல்லலாமா என்றுகூட இருந்தது. சொல்லவில்லை. என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே.

காது கேட்பது நம்மில் பலருக்கும் வாய்க்கும். கேட்காமல் தவிக்கிற இன்னொருத்தருக்காக முன்னால் போய் நிற்பது? அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கற்றுக்கொண்டாள்.

மறுநாள் கோதை வழக்கம்போலக் காலை ஷிப்டுக்குப் போனாள். மதியம் நாத்தனார் வந்து, ஐப்பசி பிறந்ததும் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று நாகர்கோவில்காரர்கள் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார். எதிர் வீட்டு டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. "என்ன சொன்னீக மதினி?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.